பாதிக் கண்ணாடி போதும் என்று சொன்ன பாவம்

செல்வி பின்னால் நடந்துகொண்டிருந்தாள்.

ஹாஸ்டலின் நீளமான நடை. ஒரு கையால் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரில் தொங்கிய கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கினாள். மைசூரின் மார்கழிக் குளிரில் சிமென்ட் தரை பாதத்தைக் கடிக்கும். தெருமுனையில் ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ் ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டது.

"கொசுவம் தெரியுது... கரை தெரியுது... இன்னும் ஒரே ஒரு அடி போனா பாதமும் தெரிஞ்சிரும்..."

அந்த ஒரே ஒரு அடியில் வார்டன் நாகரத்னம்மா வந்துகொண்டிருந்தார், கையில் ஆவி பறக்கும் இட்லிப் பாத்திரத்தோடு.

இட்லிகள் நடை முழுக்க உருண்டன. ஒன்று என் அறை வாசலைத் தாண்டி உள்ளே வந்து, பெட்டிக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. யாருக்கும் காயமில்லை. செல்வி குனிந்து இட்லி பொறுக்குவதா, பஸ்ஸுக்கு ஓடுவதா என்று தெரியாமல் நின்றாள். "ஓடு" என்றேன். ஓடிவிட்டாள்.

அன்று சாயங்காலம் நாகரத்னம்மா ஒரு சட்டம் போட்டார். கண்ணாடிக்கு எதிரே, ஓர் ஆள் நிற்கும் தூரத்தில், தரையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் நின்று யாரும் கண்ணாடி பார்க்கக் கூடாது.

எங்கள் ஹாஸ்டல்

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி. தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ரயில்வேயில் கார்டு. அவரை ஹூப்ளிக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு மைசூரிலேயே ஒரு பி.யூ. காலேஜில் (நம் பிளஸ் டூ மாதிரி) பிசிக்ஸ் லெக்சரர் வேலை கிடைத்திருந்தது. அதனால் மண்டி மொஹல்லாவை ஒட்டிய ஒரு சந்தில், வேலை பார்க்கும் பெண்களுக்கான ஹாஸ்டலில் சேர்ந்தேன்.

அங்கே என்னைத் தவிர அத்தனை பேரும் ஹெப்பாள் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். என் அறைத் தோழி செல்வி, ஹனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். கம்பி சுற்றும் பிரிவில் வேலை. வயதில் என்னைவிட ஒரு வருஷம்தான் சின்னவள். ஆனாலும் முதல் நாளே என்னை "டீச்சரக்கா" ஆக்கிவிட்டாள்.

வார்டன் நாகரத்னம்மா கன்னடக்காரர். நல்ல உயரம். எங்களோடு பேசிப் பேசி ஒரு தமிழ் கற்றிருந்தார். திட்டுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

கண்ணாடி ஒன்றே ஒன்று. ஒன்றரை அடி உயரம், ஓரத்தில் ரசம் போய்க் கறுப்புப் புள்ளிகள். அதைத் தன் உயரத்துக்கு ஏற்ற மாதிரி மேலே தொங்கவிட்டிருந்தார் நாகரத்னம்மா. செல்வி ஹாஸ்டலிலேயே குட்டை. கிட்டே நின்றால் அவளுக்கு இடுப்புவரைதான் தெரியும். அதனால்தான் அந்தப் பின்னோக்கிய நடை.

நான் வாயைத் திறந்தேன்

கோடு போட்ட அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஒரே கொதிப்பு. "கொசுவத்தை எப்படிப் பாக்கறது? பாதித் தூரத்துல நின்னா பாதிதானே தெரியும்?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

நான் பேசாமல் கன்னட ரசமான சாருவைச் சோற்றில் கலந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் காலேஜில் ஒளி எதிரொளிப்புப் பாடம் முடித்திருந்தேன். தொண்டையில் சாக்பீஸ் தூசு இன்னும் இருந்தது.

"பின்னால போறதால ஒரு பிரயோஜனமும் இல்ல" என்றேன். "கண்ணாடியில உன் உடம்பு எவ்வளவு தெரியுதோ, நீ எவ்வளவு தூரம் போனாலும் அவ்வளவுதான் தெரியும். அது ஒளியோட விதி."

கத்திக்கொண்டிருந்தவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். சமையலறைக் கதவருகே நின்ற நாகரத்னம்மாவின் முகம் மட்டும் மலர்ந்தது.

"நோடிதிரா? பார்த்தீங்களா? லெக்சரரே சொல்லிட்டாங்க!"

அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான் வார்டனின் ஆள் ஆகிவிட்டது தெரிந்தது.

விதி என்கிற சொல்

நம் மொழியில் ஒரு சங்கடம். ஒளியின் விதியும் விதிதான், தலையெழுத்தும் விதிதான், வார்டன் தரையில் கோடு போட்டுச் சொன்னதும் விதிதான். மூன்றில் எதைச் சொன்னாலும் கேட்பவர்களுக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

எல்லா விதிகளுக்கும் இந்தக் கதி இல்லை. வெள்ளை வெளிச்சத்தை முப்பட்டகம் ஏழு நிறமாகப் பிரிக்கும் என்றால் வகுப்பே கைதட்டும். வாளித் தண்ணீரில் குச்சி ஒடிந்த மாதிரி தெரிவதற்கும் நல்ல செல்வாக்கு. கண்ணுக்கு வேடிக்கை காட்டும் விதிகளை ஜனங்களுக்குப் பிடிக்கிறது. தினமும் தாங்களே செய்து பார்க்கிற ஒன்றைத் தப்பு என்று சொல்லும் விதிதான் ஆகாது.

என் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போது, விசில் அடித்துக்கொண்டே வரும் எஞ்சின் நம்மைக் கடந்ததும் சட்டென்று அதன் குரல் இறங்கும். எஞ்சின் நம்மை நோக்கி வரும்போது ஒலி அலைகள் நெருங்கி நெருங்கி வருகின்றன, விலகிப் போகும்போது தள்ளித் தள்ளி வருகின்றன, அதனால்தான் என்று பி.எஸ்சி. படிக்கும்போது அவருக்கு விளக்கினேன். காதுகொடுத்துக் கேட்டார். "அதெல்லாம் இல்லம்மா. ஸ்டேஷன் தாண்டினதும் டிரைவர் கையைத் தளர்த்திடுவான்" என்றார். பிரேக் வேனில் ஒரு ஆயுள் உட்கார்ந்து வந்தவர். அவர் காதில் விசில் ஒருநாளும் இறங்கியதில்லை, ஏனென்றால் அவர் வண்டியோடு போகிறவர். நிற்கிறவர்களின் கஷ்டம் அவருக்குத் தெரியாது.

கண்ணாடி விதியும் அப்படித்தான். பரீட்சையில் "ஒருவர் தன்னை முழுதாகப் பார்க்கத் தேவையான கண்ணாடியின் உயரம் என்ன?" என்று கேட்டால், "அவர் உயரத்தில் பாதி" என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று பின்னால் நடப்பார்கள்.

நிரூபணம்

ஞாயிற்றுக்கிழமை காலை. எண்ணெய்க் குளியல் முடித்து, ஈரத் தலையோடு எல்லாரும் நடையில் கூடினார்கள். நான் நிரூபித்துக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். நாகரத்னம்மா அன்று ஒரு நாளைக்கு மட்டும் கோட்டைத் தாண்ட அனுமதி கொடுத்தார்.

செல்வியைக் கண்ணாடிக்குக் கிட்டே நிறுத்தினேன்.

"எதுவரைக்கும் தெரியுது?"

"இடுப்புங்க்கா."

"ரெண்டு அடி பின்னால போ. இப்ப?"

"தொடை."

நான் எதிர்பார்த்த பதில் இடுப்பு. "இன்னும் போ."

"முட்டி தெரியுதுங். இதா, கொசுவம் பூராத் தெரியுதுங் டீச்சரக்கா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரோ விசிலடித்தார்கள். ஒருத்தி என் தோளைத் தட்டி, "பரவால்ல டீச்சர், மனுஷங்கதானே, தப்பு வரும்" என்று ஆறுதல் சொன்னாள். மாணவர்கள் முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

எல்லாரும் இட்லிக்குக் கலைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். விதி பொய்யாகாது. அப்படியென்றால் வேறெதுவோ சரியில்லை. சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து, பக்கவாட்டிலிருந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

கண்ணாடி ஓர் ஆணியிலிருந்து கயிற்றில் தொங்கியது. கீழ் விளிம்பு சுவரைத் தொட, மேல் விளிம்பு சுவரை விட்டு விலகித் தலை குனிந்திருந்தது. கண்ணாடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது! அப்படிச் சாய்ந்த கண்ணாடியில் பின்னால் போகப் போகக் கால் தெரியத்தான் செய்யும். நான் சொன்ன விதி நிமிர்ந்து நிற்கும் கண்ணாடிக்கு.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று சாப்பாட்டு அறைக்கு ஓடினேன். "விதி தப்பில்ல. கண்ணாடிதான் தப்பு."

சொன்னதோடு விட்டிருக்கலாம். நாகரத்னம்மாவிடம் சுத்தியல் வாங்கிக் கயிற்றைக் கழற்றினேன். நான்கு மூலைக்கும் ஆணி அடித்துக் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தினேன். மறுபடியும் செல்வியைக் கூப்பிட்டேன்.

"எதுவரைக்கும்?"

"இடுப்பு."

"பின்னால போ."

"இடுப்பு."

"இன்னும் போ. கடைசிச் சுவர்வரைக்கும் போ!"

கடைசிச் சுவரில் முதுகு இடித்தபடி, அழுகிற குரலில் சொன்னாள்: "இடுப்புத்தானுங்."

விதி ஜெயித்துவிட்டது. ஒருவர்கூடக் கைதட்டவில்லை. ஹாஸ்டலில் யாருக்கும் இனிமேல் கொசுவம் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாகரத்னம்மா மட்டும், கோட்டுக்கு இனி வேலையில்லை என்று மண்ணெண்ணெய்த் துணியால் அதைச் சந்தோஷமாக அழித்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் கயிற்றிலேயே தொங்கவிடலாம் என்று போய்க் கேட்டேன். "பேடம்மா. வேண்டாம். இப்பத்தான் நடை நடையா இருக்குது" என்று சுத்தியலை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்.

கிளிப்பச்சைச் சுடிதார்

அந்தச் சமயத்தில்தான் செல்வியின் தொழிற்சாலையில், விருப்பப்பட்டவர்கள் சுடிதார் போட்டு வரலாம் என்று அறிவித்தார்கள். சேலைத் தலைப்பு எந்திரத்தில் மாட்டுகிறதாம். இன்றைக்கு இதைப் படிக்கும் பெண்களுக்குச் சிரிப்பு வரும். அன்று அது பெரிய விஷயம். எங்கள் ஹாஸ்டலில் சுடிதார் போட்டவர்கள் யாருமில்லை, நான் உட்பட.

செல்வி சத்தமில்லாமல் கிளிப்பச்சையில் துணி எடுத்து மண்டி மொஹல்லா டெய்லரிடம் கொடுத்துவிட்டாள். தைத்து வந்ததை ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டு எனக்கு மட்டும் விரித்துக் காட்டினாள். புதுத் துணியின் கஞ்சி வாசனை அறையெங்கும்.

"எங்கூருல தெரிஞ்சா அண்ணன் கத்துமுங். தெரிஞ்சாத்தானே? பாலாறு செக்போஸ்ட் வரைக்கும் போட்டுட்டுப் போயி, அங்க மாத்திக்கிட்டா ஆச்சு."

"இங்கிருந்து ஹனூர் போறதுக்கு, அதையும் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில இருக்கற பாலாறு எதுக்குடி?"

"ஒரு பேச்சுக்குங்க்கா!"

அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் எனக்குக் காலை முதல் வகுப்பு. அவள் குளிக்கும்போதே கிளம்பிவிட்டேன். அவள் சுடிதார் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருக்கிறாள். இடுப்புவரை தெரிந்தது. அழகாக இருந்ததாம். பழக்கத்தில் பின்னால் போயிருக்கிறாள். அப்போதும் இடுப்பு. பஸ் ஹார்ன் அடித்தது. நம்பிப் போய்விட்டாள்.

பேன்ட்டின் நாடா, சிவப்பு நாடா, டாப்ஸுக்குக் கீழே முழங்கால்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஒருத்தரும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். சுடிதாரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று இவளும் பதிலுக்குச் சிரித்திருக்கிறாள். ஷிப்ட் முடியும் நேரத்தில் சூப்பர்வைசர் அம்மா ஒருவர்தான் காதோடு காதாகச் சொன்னாராம். அதற்குள் "நாடா செல்வி" என்று பெயர் வைத்தாகிவிட்டது.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகச் சேலைக்கு மாறினாள். சுடிதாரை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். விஷயம் எனக்கு மற்றவர்கள் மூலம்தான் தெரிந்தது. போய் அவள் கட்டிலருகே நின்றேன்.

"உங்க விதிக்கு நாந்தான் கெடைச்சனா?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஒரே அறை. ஒரே தேங்காயெண்ணெய்ப் பாட்டில். பாட்டில் எனக்கு எட்டும் இடத்துக்கு வரும், பேச்சு வராது. முன்பெல்லாம் விளக்கணைத்த பிறகும் ஓயாமல் பேசுவாள், "தூங்குடி" என்று நான் அதட்டுவேன். இப்போது அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அரைக் கண்ணாடிப் பேச்சுவார்த்தை

நாகரத்னம்மாவிடம் போனேன். பெரிய கண்ணாடி ஒன்று வேண்டும் என்றேன்.

"கண்ணாடி மூஞ்சிக்குத்தானே? காலுக்கு யாக்கே, எதுக்கு? ஆளுயரக் கண்ணாடி வெச்சா இந்தப் பொண்ணுங்க வேலைக்குப் போகாது. அது முன்னாலயே நிக்கும்."

"ஆளுயரம் வேண்டாம் மேடம். பாதி போதும்."

"பாதியா?" யோசித்தார். ஆளுயரக் கண்ணாடியால் வரும் கெடுதல் பாதிக் கண்ணாடியில் பாதிதான் வரும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். "பாதின்னா சரி" என்றார்.

எந்த விதியால் என் பெயர் கெட்டதோ, அதே விதியைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். ஆனால் ஹாஸ்டலில் அதற்கும் திட்டு. "ஜவுளிக்கடையில இருக்கற மாதிரி கேட்டா, அரைக் கண்ணாடிக்கு ஒத்துக்கிட்டு வந்திருக்காங்க பாரு!"

கண்ணாடியை எங்கே மாட்டுவது என்பதுதான் சூட்சுமம். மேல் விளிம்பு, இருப்பதிலேயே உயரமானவரின் உச்சந்தலைக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ் விளிம்பு, இருப்பதிலேயே குட்டையானவரின் கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில். உயரம் நாகரத்னம்மா. குட்டை, என்னோடு பேசாத செல்வி.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. நாகரத்னம்மா வாசலில் வந்து ஒரு குரல் கொடுத்த பிறகுதான் எழுந்து சுவரோரம் நின்றாள். நான் அவள் கண் உயரத்தை அளந்தபோது, மிக அருகில் இருந்த அந்தக் கண்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. "நேரா பாரு" என்றேன். இன்னும் மேலே பார்த்தாள். அளவு எடுத்துவிட்டேன். கணக்குப் போட்டதில் கண்ணாடியின் உயரம் மூன்றடியும் கொஞ்சமும் வந்தது.

மண்டி மொஹல்லா கண்ணாடிக் கடைக்காரர் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழர். காதில் பென்சில். "மேடம், மூணடியில முழு ஆளு எப்படித் தெரியும்? ஆளுயரமா எடுத்துக்குங்க" என்றார்.

கடையில் இருந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்றின் கீழ்ப் பாதியை நியூஸ்பேப்பர் ஒட்டி மறைத்து, மேல் பாதி அவர் உயரத்துக்குச் சரியாக வரும்படி நிறுத்தச் சொல்லி, அவரை எதிரே நிற்க வைத்தேன். தலையிலிருந்து செருப்புவரை பார்த்தார். முன்னால் வந்து பார்த்தார். தெருவில் இறங்கி, ஓர் ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு அங்கிருந்தும் பார்த்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொல்றது நெஜந்தான் மேடம். ஆனா வெளியில யாருக்கும் சொல்லிடாதீங்க. கல்யாண சீசன் வருது."

மாட்டிய பிறகு

புதுக் கண்ணாடியை நிமிர்த்தி, சுவரோடு ஒட்டி மாட்டினோம். ஹாஸ்டல் மொத்தமும் சுற்றி நின்றது. முகத்தில் நம்பிக்கை இல்லை. செல்வி வரவேயில்லை.

வார்டன் என்ற முறையில் நாகரத்னம்மா முதலில் வந்து நின்றார். தலைமுடியைச் சரிசெய்தார். பார்வை மெதுவாக இறங்கியது. சேலை, கரை, பாதம். பாதத்தில் நின்றுவிட்டது. ஒரு காலில் நீல வார் செருப்பு, மற்றதில் கறுப்பு வார். எத்தனை மாதமாகவோ.

"யாரும் சொல்லலையே" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து கண்ணாடி முன் நிற்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "அட, கொசுவம் தெரியுது!" "கிட்ட நின்னாலும் தெரியுதே!" அவ்வளவுதான். எனக்கு ஒரு நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியை மெச்சினார்கள், கடைக்காரரை மெச்சினார்கள். விதியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெட்டி திறக்கும் சத்தம். திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நடையிலிருந்து செல்வியின் குரல் கேட்டது. யாரிடம் பேசுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். கிளிப்பச்சைச் சுடிதாரில், கண்ணாடிக்கு மிகக் கிட்டே நின்று, தன்னிடமே பேசிக்கொண்டிருந்தாள்.

"அட ராமா, நா இத்தனை குட்டையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்குள்ளிருந்தே என்னைப் பார்த்தாள். முறைத்தாள். சுடிதாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பஸ் ஹார்ன் அடித்தது.

வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி நடந்து என் முன்னால் வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"முன்பக்கம் கண்ணாடி பாத்துக்கும். பின்பக்கம் யாரு பாக்கறது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க்கா. பஸ்ஸு போயிரும்."

பார்த்தேன். தோள் தையல், கழுத்துக் கொக்கி, விளிம்பு, எல்லாவற்றையும் பார்த்தேன். பஸ் இரண்டாம் முறை ஹார்ன் அடித்தது. அவள் அசையாமல் நின்றாள்.

"நல்லா இருக்கு, போ" என்றேன்.